இரண்டாவது கை எங்கே?

கடைசியாக எப்போது பி.பி. பார்த்துக்கொண்டீர்கள்?

பிள்ளைக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு!

பிள்ளையின் சுகர் காலையில் எவ்வளவு, மத்தியானம் எவ்வளவு, நேற்று ராத்திரி எவ்வளவு? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். நோட்டுப் போட்டுத் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த நோட்டில் உங்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா?

டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளையின் அம்மாவே, அப்பாவே! ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. உங்களோடு சண்டை போட வந்திருக்கிறேன்.

முதல் சண்டை, உங்கள் குற்ற உணர்ச்சியோடு.

"மாசமா இருக்கும்போது மாம்பழமா தின்னா, அதான் பிள்ளைக்குச் சுகர்." இதைச் சொன்னது யார்? மாமியாரா? சித்தியா? பக்கத்து வீட்டு அக்காவா? யார் சொன்னால் என்ன, பொய் பொய்தான்!

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி தடம் மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்துவிடுகிறது. அதுதான் டைப் 1. இனிப்பு தின்று வந்ததில்லை. மாம்பழம் கொண்டுவந்ததில்லை. நீங்கள் செலுத்த மறந்த நேர்த்திக்கடனாலும் வந்ததில்லை.

தப்பே செய்யாதவருக்கு எதற்குத் தண்டனை? ராத்திரி தூங்குவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. முதுகுவலிக்கு ஒரு டாக்டரைப் பார்ப்பதில்லை. இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட தீர்ப்பு இது. கிழித்துப் போடுங்கள்!

"நான் படுத்துட்டா பிள்ளைய யாரு பாக்குறது?"

இதோ வந்துவிட்டது! இந்தக் கேள்விக்குப் பின்னால்தானே இத்தனை நாள் ஒளிந்திருக்கிறீர்கள்?

நான் திருப்பிக் கேட்கிறேன். நாளைக்கே உங்களுக்கு டெங்கு வருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைக்கு யார் ஊசி போடுவார்கள்?

ஏன் பேச்சைக் காணோம்?

உங்கள் பிள்ளைக்கு ஆபத்து சுகரால் மட்டும் இல்லை. வீட்டில் ஊசி போடத் தெரிந்த கை ஒன்றே ஒன்று என்பது அதைவிடப் பெரிய ஆபத்து!

இன்சுலின் வந்த கதையைக் கேளுங்கள். கனடாவின் டொராண்டோ நகரம். 1922 ஜனவரி 11. லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன். எடை 30 கிலோகூட இல்லை. அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சோற்றைக் குறைத்துக் குறைத்து, பிள்ளை எலும்பாவதைப் பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று அவனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். பலன்? தோல்வி! மருந்து சுத்தமாக இல்லை. ஊசி போட்ட இடம் வீங்கியது. நிறுத்திவிட்டார்கள்.

இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கும் பெஸ்ட்டும் அத்தனை பாடுபட்டுத் தயாரித்த மருந்து அது. அடுத்து நடந்ததைப் பாருங்கள். அதே குழுவில் இருந்த வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப், அந்த மருந்தைச் சுத்தப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். 12 நாள் கழித்து, ஜனவரி 23-ல், அவர் தயாரித்த மருந்தைப் போட்டார்கள். பையனின் சுகர் இறங்கியது! அதற்குப் பிறகு 13 வருஷம் வாழ்ந்தான்.

கண்டுபிடித்தவர்களால்கூடத் தனியாக முடியவில்லை. இன்னொரு கை தேவைப்பட்டது. உங்களுக்கு மட்டும் தேவைப்படாதா?

"வீட்டுக்காரருக்கு ஊசின்னாலே பயம்ங்க."

உங்களுக்கு முதல் நாள் கை நடுங்கவில்லையா? போட்டுவிட்டு பாத்ரூமில் போய் அழவில்லையா? உங்களுக்கு வந்த தைரியம் அவருக்கு வராதா?

"அத்தைக்குப் படிக்கத் தெரியாது."

பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் மனசிலேயே வைத்திருக்கிறாரே! அவருக்கு 10 யூனிட் அளக்க வராதா?

"யாரும் என்னை மாதிரி சரியா செய்ய மாட்டாங்க."

செய்ய மாட்டார்கள்தான்! நீங்கள் பிடுங்கிக்கொண்டே இருந்தால் எப்படிச் செய்வார்கள்?

இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள். கணவரோ, அத்தையோ, தம்பியோ, யாராவது ஒருவர். ஊசியையும் மருந்தையும் அவர் முன்னால் பரப்புங்கள்.

குப்பியில் 40 என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி ஊசி. 100 என்றால் ஆரஞ்சு மூடி ஊசி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு ஏறும், அல்லது அதே கணக்கில் இறங்கும். இதை மட்டும் தலைகீழாக நிற்க வைத்துக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழக்குங்கள். கலங்கலான இன்சுலினைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். நேற்று குத்திய இடத்தில் இன்று குத்தக் கூடாது, கட்டி தட்டிவிடும். ஃப்ரீசரில் உறைந்துபோன மருந்து குப்பைக்குத்தான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மண்பானை இருக்கவே இருக்கிறது.

அடுத்தது, சுகர் 'லோ' ஆவது. கை நடுங்கும், வியர்க்கும், பிள்ளை காரணமில்லாமல் கத்தும். விரலில் குத்திப் பார்த்தால் 70-க்குக் கீழே. உடனே டாக்டர் சொன்ன அளவு குளுக்கோஸ். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதனை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்! இதைக் கற்க எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டுமா?

பிறகு உங்களுக்குத்தான் கஷ்டமான பாடம். அவர் ஊசி போடும்போது நீங்கள் சும்மா இருக்க வேண்டும். அளவைச் சரிபாருங்கள், போதும். கையை நீட்டாதீர்கள்! அவர் மெதுவாகச் செய்வார். பிள்ளை "அம்மாதான் போடணும்" என்று அடம்பிடிக்கும். பிடிக்கட்டும்!

சுகரின் மூன்று மாதச் சராசரி ஏறிவிட்டதா? ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டதா? அது உங்களுக்குப் போட்ட மார்க் இல்லை! காய்ச்சல் வந்தால் சுகர் ஏறும். வளரும் வயதில் ஏறும். விளையாட்டு பீரியடுக்கு அப்புறம் இறங்கும். எண் தவறினால் டாக்டரிடம் பேசி அளவை மாற்றுங்கள். எதற்கு உங்களையே அடித்துக்கொள்கிறீர்கள்?

இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் சொன்னீர்களா?

"பொம்பளப் பிள்ளை. நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வந்தா..."

நிறுத்துங்கள்! எப்போதோ நடக்கப்போகிற கல்யாணத்துக்காக, இன்று வகுப்பில் மயங்கி விழும் பிள்ளையைப் பணயம் வைப்பீர்களா? டைப் 1 பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குத் தின்பண்டம் கொண்டுபோக 2017-லேயே சி.பி.எஸ்.இ. அனுமதித்தது. வகுப்பிலேயே சுகர் பார்க்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும் விடுங்கள் என்று 2023-ல் தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது. நீங்கள் மூடி மறைத்தால் இதெல்லாம் உங்கள் பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும்? வகுப்பு ஆசிரியரும் ஒரு கைதான். அதையும் பிடியுங்கள்!

உங்களைத் தெய்வம் என்கிறார்கள். "உன்ன மாதிரி பொறுமை யாருக்கு வரும்" என்கிறார்கள். கேட்டு மயங்காதீர்கள்! கும்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தெய்வத்துக்கு யாரும் பாத்திரம் தேய்த்துக் கொடுத்ததில்லை. அடுத்த முறை புகழ்ந்தால், "நன்றி, சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் வந்து பிள்ளையோட இருங்க" என்று கேளுங்கள். கேட்க வெட்கமா? ஸ்ட்ரிப் வாங்கக் கடன் கேட்டபோது வெட்கத்தை விழுங்கினீர்களே! ரெண்டு மணி நேரம் கேட்க மட்டும் தொண்டை அடைக்கிறதா?

கிடைக்கிற அந்த நேரத்தில் வீடு பெருக்காதீர்கள். தூங்குங்கள். நடங்கள். பி.பி. பாருங்கள்.

இந்த ஓர் இடத்தில் குரலைத் தணித்துக்கொள்கிறேன். எந்நேரமும் அழுகை முட்டுகிறதா? எதிலும் பிடிப்பில்லையா? பிள்ளையோடு சேர்ந்து போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்து போகிறதா? அதற்கு என் வீர வசனம் மருந்தாகாது. டெலி மனஸ், 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை. கட்டணம் கிடையாது, ராத்திரி பகல் கிடையாது, தமிழிலேயே பேசலாம். இதைக் கீழே வைத்துவிட்டு முதலில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

அப்பாக்களே, நழுவப் பார்க்காதீர்கள்! "நான் சம்பாதிக்கிறேனே" என்பது பதிலாகாது. விடிகாலை 3 மணிக்குச் சுகர் பார்க்க வேண்டிய நாட்களில் எழுந்திருப்பது யார்? அடுத்த நாள் வேலை உங்களுக்கு மட்டும்தானா? உங்கள் மனைவிக்கு இல்லையா?

இன்றைக்கு ராத்திரி உங்கள் போனை எடுங்கள். 3 மணிக்கு அலாரம் வையுங்கள். அவள் போனில் இருப்பதை அணைத்துவிடுங்கள்!