அணியத்தை அலைக்கு நேரே பிடி!

மணலில் நிற்கும்வரை யோசி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசி. அலையைப் பார், காற்றைப் பார், இன்று வேண்டாம் என்று தோன்றினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போ. அதில் துளி அவமானமும் இல்லை. ஆனால் படகு டிரெய்லரை விட்டு இறங்கி, முதல் அலை அதன் முகத்தில் அறைந்துவிட்டது என்றால், அதன் பிறகு உனக்கு ஒரே வேலைதான் தம்பி. நேராகப் போ!

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், பசிபிக் பெருங்கடலை ஒட்டி, பசிபிக் சிட்டி என்று ஒரு சிறிய ஊர். அங்கே கடலோரத்தில் துறைமுகம் கிடையாது. படகு இறக்கக் கான்கிரீட் சரிவும் கிடையாது. கேப் கிவாண்டா என்ற மணற்பாறை முனை ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு, வடமேற்கிலிருந்து வரும் காற்றையும் அலையையும் ஓரளவு மறைக்கிறது. அந்தச் சின்ன மறைவை நம்பி, திறந்த மணலிலிருந்து படகு இறக்குகிறார்கள். டோரி என்பது அந்தப் படகின் பெயர். சுமார் 22 அடி நீளம், தட்டையான அடிப்பாகம், அகன்று விரியும் பக்கங்கள், உயர்ந்த முன்பகுதி. பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றி வந்து, நேரே பெருங்கடலில் விட்டு, சால்மனும் பாறைமீனும் நண்டும் பிடித்துக்கொண்டு, அதே மணலில் வந்து ஏறுகிறார்கள்.

இவர்கள் கடலுக்கு எப்படி வந்தார்கள் என்பதைக் கேள். பக்கத்திலேயே நெஸ்டக்கா என்ற ஆறு ஓடுகிறது. அதில் செவுள்வலை போட்டு சால்மன் பிடித்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1920களில் அந்த ஆற்றில் வணிகத்துக்காக வலை போடுவதைச் சட்டம் தடுத்தது. ஒரே நாளில் பிழைப்பு போயிற்று. அவர்கள் மனு எழுதிக்கொண்டு, யாரையோ திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். படகைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார்கள்! அப்போது மோட்டார் இல்லை. இரண்டு முனையும் கூரான படகு, கையில் துடுப்பு, எதிரே பசிபிக். துடுப்பு வலித்தே அலையைத் தாண்டினார்கள். பிறகு வெளிப்பொருத்து மோட்டார் வந்தது, படகின் பின்பக்கம் அதற்கேற்ப மாறியது. மணல் மட்டும் அப்படியே இருந்தது.

உன் ஆறு மூடப்பட்டிருக்கிறதா? பத்து வருடம் உழைத்த கம்பெனி கதவைச் சாத்திவிட்டதா? நம்பியிருந்த தேர்வு கைவிட்டதா? அழு. ஒரு நாள் அழு. மறுநாள் காலையில் கடற்கரைக்கு வா. கடலை மூட எவனாலும் முடியாது.

வெறும் வீரம் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். மார்தட்டிக்கொண்டு மணலில் வண்டியை இறக்கியவன் அச்சு வரை புதைந்து நிற்பான். தன்னம்பிக்கை என்பது பாதிக்குமேல் முன்தயாரிப்புதான். கொஞ்சம் நின்று இந்த டயர் விஷயத்தைப் பார்.

தார் ரோட்டில் கார் டயரில் 30, 32 பிஎஸ்ஐ காற்று வைத்து ஓட்டுகிறோம். டயர் விறைப்பாக நிற்கும், வண்டி சறுக்கிக்கொண்டு ஓடும். அதே விறைப்போடு மணலில் இறங்கினால் டயர் கத்தி மாதிரி மணலை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால் மணலில் இறங்கும் முன்பே நிறுத்தி, வால்வை அழுத்தி, 15 முதல் 18 வரை இறக்குகிறார்கள். காற்று இறங்க இறங்க டயரின் அடி நீளமாகப் பரவி மணல்மேல் படுக்கிறது. அதே எடை இப்போது பெரிய பரப்பில் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. மணல் தாங்குகிறது. டிரெய்லர் டயருக்கும் இதையே செய்ய வேண்டும். பலர் வண்டிக்குச் செய்துவிட்டு டிரெய்லரை மறந்து, பின்னால் நங்கூரம் கட்டியதுபோல மாட்டிக்கொள்கிறார்கள்.

நேற்றுவரை உன்னை ஓட்டிய விறைப்பு இன்று உன்னைப் புதைக்கும். மேனேஜர் நாற்காலியில் இருந்தவன் சொந்தக் கடை திறக்கும்போது, அந்த நாற்காலியின் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வா. நீயே கூட்டு. நீயே மூட்டை தூக்கு. நீயே வாடிக்கையாளரிடம் "வாங்க அண்ணே" என்று சொல். யாரும் உன்னைக் குறைத்து நினைக்கமாட்டார்கள். உன் எடை பரவலாகிறது, அவ்வளவுதான். தார் ரோடு திரும்ப வரும்போது காற்றை நிரப்பிக்கொள்ளலாம்.

இன்னொன்று. சக்கரம் மணலில் சுழல ஆரம்பித்துவிட்டால் உடனே காலை எடு! முறுக்காதே! ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழமாக்குகிறது. இறங்கு. சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையாலோ மண்வெட்டியாலோ வாரு, பலகை போடு, இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்வாங்கு. கடன் கழுத்தை நெரிக்கும்போது இன்னொரு கடன் வாங்கி முறுக்குகிறார்களே, அவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. காலை எடுங்கள் ஐயா. இறங்கி மணலை வாருங்கள்!

மீதி வேலைகளை மேட்டிலேயே முடித்துவிடு. படகின் அடித் துளைக்குத் தக்கை போட்டாயா? மோட்டார் ஓடிப்பார்த்தாயா? கட்டுப்பட்டைகளை அவிழ்த்தாயா? முன்பக்கத்து விஞ்ச் பட்டை மட்டும் கடைசிவரை இருக்கட்டும். நெடுந்தூரம் ஓடி வந்த டிரெய்லர் சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த உப்புத் தண்ணீரில் முக்கினால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், பேரிங் போய்விடும். ஆறட்டும். அந்த நேரத்தில் கடலைப் பார்.

பார்ப்பது என்றால் வேடிக்கை பார்ப்பது இல்லை. அலை ஏன் உடைகிறது? தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அது தலைகுப்புற விழுகிறது. ஒரு மீட்டர் அலை என்றால் சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். ஆக, எங்கே உடைகிறதோ அங்கே அடியில் மணல்மேடு இருக்கிறது. எங்கே உடையாமல் வருகிறதோ அங்கே ஆழம் இருக்கிறது. கடல் தன் அடிவயிற்றைத் தானே வெளியே காட்டுகிறது. அலைகள் ஒரே சீராகவும் வருவதில்லை. பெரிய அலைகள் நாலைந்து கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் கடல் தணியும், மறுபடி கூட்டம் வரும். அந்தத் தணிவுதான் உன் வாசல். அது எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கால் மணி நேரமாவது கரையில் நின்று படித்துவிடு.

இப்போது இறக்கு. வண்டியைக் கடலுக்குச் செங்குத்தாகப் பின்னோக்கி விடுகிறார்கள். டோரிக்காரர்கள் கொஞ்சம் வேகமாகவே பின்னால் வந்து பட்டென்று பிரேக் போடுவார்கள். வண்டி நின்றுவிடும், படகு நிற்காது. டிரெய்லரிலிருந்து வழுக்கிக்கொண்டு தண்ணீரில் விழும். ஓட்டுநர் அந்த நொடியே வண்டியை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். ஏனென்றால் பின்வாங்கும் ஒவ்வொரு அலையும் டயரைச் சுற்றி மணலை அரித்துக்கொண்டு போகிறது. நின்ற வண்டி நின்றபடியே இறங்கும். படகில் போகப்போகிறவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முன்பகுதியைக் கடலுக்கு நேராகப் பிடித்திருப்பார்கள். நம் கடற்கரைக்காரர்கள் முன்பகுதியை அணியம் என்பார்கள். அணியம் நேராக இருந்தால் அலை இரண்டாகப் பிளந்து போகும். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால், அதே அலை படகைப் புரட்டும். படகுக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் ஒருபோதும் நிற்காதே; அலை படகை உன்மேல் ஏற்றிவிடும்.

கூட்டம் முடிந்தது. கடல் தணிகிறது. ஏறு, மோட்டாரை முடுக்கு, போ!

இங்கேதான் மனிதன் தோற்கிறான். பாதி வழியில் ஒரு பெரிய அலை தலைதூக்குவது தெரிந்ததும் கை தானாக விசையைக் குறைக்கிறது. வேகம் குறைந்த படகுக்குத் திருப்பும் சக்தி போய்விடும். திரும்பிவிடலாம் என்று நினைத்து முதுகைக் காட்டுபவன், படகின் முழு நீளத்தையும் அலைக்குக் கொடுக்கிறான். முகத்தைக் கொடு! மேலே பறக்கும் அளவுக்கு வேகம் வேண்டாம், ஆனால் சுக்கான் பேச்சைக் கேட்கும் அளவுக்கு வேகம் வேண்டும், நேர்கோடு வேண்டும். தண்ணீர் வாரி அடிக்கும். அடிக்கட்டும். அந்தச் சில நிமிடங்கள்தான். உடையும் கோட்டுக்கு அப்பால் கடல் உனக்குத் தோள் கொடுக்கும்.

இதெல்லாம் வெளிநாட்டான் வித்தை என்று நினைக்காதே. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தொலைவில் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் மோதும்போது ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். அதைவிடச் சீறும் கடலில் வெறும் கட்டைகளைக் கட்டிய கட்டுமரத்தில் போனவன் நம் ஆள். கூம்பான ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோனான். கவிழ்ந்தால் நீந்திவந்து மறுபடி ஏறி உட்கார்ந்தான். கட்டிக்கொண்டிருந்த துறைமுகச் சுவரையே 1881 புயல் நொறுக்கிப் போட்ட அதே கரையில் இது நடந்தது! இன்று நம் குப்பங்களில் ஃபைபர் படகை டிராக்டர் இழுக்கிறது. அலையைத் தாண்டும் கணக்கு அதேதான். அந்த ரத்தம் ஓடும் ஊரில் பிறந்துவிட்டு, ஒரு நேர்முகத் தேர்வுக்கு வாசலில் நின்று நடுங்குகிறாயே!

போனவன் திரும்பி வரவேண்டும். அதற்கும் துணிச்சல் வேண்டும். டோரி கரையேறும் காட்சியைப் பார்க்கவே அந்த ஊருக்கு ஆட்கள் வருகிறார்கள். உடையும் கோட்டுக்கு வெளியே படகு காத்திருக்கும். பெரிய கூட்டம் போகட்டும் என்று விடும். பிறகு ஒரு அலையின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அதை முந்தாமலும் பின்னால் வருவதிடம் அகப்படாமலும், மணலை நோக்கி வரும். ஹாரன் விடாமல் அலறும். குளிப்பவர்கள், நடப்பவர்கள், குழந்தைகள் எல்லோரும் ஒதுங்குவார்கள். கரை நெருங்கும்போது எவனும் வேகத்தைக் குறைக்கத்தான் நினைப்பான். இவர்கள் கூட்டுகிறார்கள்! கடைசி நொடியில் மோட்டார் மேலெழும். தட்டை அடிப்பாகம் நனைந்த மணலில் சீறிக்கொண்டு ஏறி, அலை சுலபத்தில் எட்டாத இடத்தில் நிற்கும். தயங்கி மெதுவாக வந்தவன் ஆழமற்ற தண்ணீரில் தட்டி நிற்பான்; பின்னால் வரும் அலை அவன் படகை நிரப்பும்.

அந்த ஹாரனை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. நல்ல காரியம் முடித்துவிட்டு, சத்தமில்லாமல் ஓரமாக வந்து நிற்கிறார்கள். யாரோ கூப்பிட்டுப் பாராட்டுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். வலை நிறைய மீனோடு வருகிறாய் அம்மா, எதற்குத் தலைகுனிகிறாய்? "நான் வருகிறேன், வழி விடுங்கள்" என்று உரக்கச் சொல். சம்பளம் கேட்கும் இடத்தில் சொல். உன் பெயர் போட வேண்டிய இடத்தில் வேறு பெயர் இருந்தால், அங்கேயும் சொல்!

மணலில் ஏறியதும் கைதட்டல் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. கடல் ஏறும் வேளையாக இருந்தால் பின்னாலேயே வருகிறது. வண்டி பின்னோக்கி வரட்டும், டிரெய்லரைப் படகின் அணியத்துக்கு நேராக நிறுத்து, விஞ்ச் பட்டையைக் கொக்கியில் மாட்டு, சுற்று. கோணலாக ஏறினால் வெட்கப்படாமல் இறக்கி மறுபடி ஏற்று. பக்கத்துப் படகுக்காரனைக் கை கொடுக்கக் கூப்பிடு. அவன் சிக்கும்போது நீ ஓடு. கட்டுப்பட்டைகளையெல்லாம் மேட்டுக்குப் போய் இறுக்கிக்கொள்ளலாம். இப்போது, தண்ணீர் டயரைத் தொடுவதற்குள், இழு!