படைத்தவன் கையை எடுக்கும்போது

பெட்ரோல் எஞ்சின் பொருத்திய ரேடியோ மாதிரி விமானம் முதன்முதலாகப் பறக்கும்போது ஒரு கட்டம் வரும். விமானம் தரையை விட்டு எழுந்து, தவறு நேர்ந்தாலும் சமாளிக்கப் போதுமான உயரத்துக்கு ஏறியிருக்கும். எஞ்சின் வேகத்தைச் சற்றுக் குறைத்து, காற்றை எதிர்த்து நேராகத் திருப்பியதும், இயக்குபவர் டிரான்ஸ்மிட்டரின் இரண்டு குச்சிகளிலிருந்தும் விரல்களை எடுத்துவிடுவார். இரண்டு மூன்று விநாடிகள்தான். இறக்கை இடப்பக்கம் சாய்கிறதா, மூக்கு மேலே தூக்குகிறதா, கீழே கவிழ்கிறதா என்று பார்ப்பார். சாய்ந்தால் டிரிம் பொத்தானை ஓரிரு படி நகர்த்திவிட்டு மறுபடியும் விரலை எடுப்பார். யாரும் தொடாமல் தானாக நேரே போகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார். வட்டமடிப்பது, தலைகீழாகப் புரள்வது எல்லாம் அதற்குப் பிறகுதான். மாதக்கணக்கில் செய்த வேலை சரியா என்பதை அந்தச் சில விநாடிகள் சொல்லிவிடும். சமயத் தத்துவத்தில் முந்நூறு ஆண்டுகளாகத் தீராத ஒரு வழக்குக்கு இங்கே நல்ல சாட்சியம் இருக்கிறது என்று நினைக்கிறேன். படைத்ததை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது படைத்தவனின் பெருமையா, அல்லது பிடியை விடக்கூடிய அளவுக்கு அதைச் செய்து முடிப்பதா?

1715ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ், வேல்ஸ் இளவரசி கரோலினுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இந்த வழக்கைத் தொடங்கிவைத்தார். கோள்களின் ஒழுங்கு காலப்போக்கில் குலையக்கூடும், அப்போது இறைவன் தலையிட்டுச் சீர்செய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டன் கருதியிருந்தார். அப்படியானால் இறைவன் அவ்வப்போது சாவி கொடுத்து, துடைத்து, பழுதுபார்க்க வேண்டிய கடிகாரத்தைச் செய்த அரைகுறைக் கைவினைஞன் ஆகிவிடுகிறான் என்பது லைப்னிட்ஸின் குற்றச்சாட்டு. நியூட்டனின் சார்பில் சாமுவேல் கிளார்க் பதில் எழுதினார். இறைவன் தொடாமலே உலகம் ஓடும் என்றால், அவன் இல்லாமலே ஓடும் என்பதும் வெகுதூரத்தில் இல்லை. தலையிடாத அரசன் பெயருக்கு மட்டுமே அரசன் என்றார் அவர். 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் இறக்கும்வரை கடிதங்கள் போய்வந்தன. இருவரும் கடிகாரத்தை மனத்தில் வைத்தே வாதாடினார்கள். கடிகாரம் மேசைமேல் இருப்பது. காற்று அதை அலைக்கழிப்பதில்லை. வழக்கு முடியாமல் போனதற்கு அந்த உவமையும் ஒரு காரணம் என்பேன்.

மாதிரி விமானம் கட்டுபவரின் பட்டறைக்கு வந்தால் கேள்வியின் வடிவமே மாறிவிடுகிறது. அவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி, தான் கட்டளையிடாதபோது விமானம் என்ன செய்யும் என்பதைப் பற்றியது. இறக்கைகளை நுனிப்பக்கம் சற்று உயர்த்தி, முன்னிருந்து பார்த்தால் ஆழமில்லாத ‘வி’ போலத் தெரியும்படி ஒட்டுகிறார். காற்று தள்ளி விமானம் ஒருபக்கம் சாய்ந்து சறுக்கும்போது, தாழ்ந்த இறக்கையைக் காற்று கூடுதலான கோணத்தில் சந்திக்கிறது. அந்த இறக்கை தானாக மேலெழுகிறது. எஞ்சினை முன்தடுப்பில் முடுக்கும்போது ஓரிரு டிகிரி வலப்பக்கமாகவும் கீழ்நோக்கியும் திருப்பி வைக்கிறார்; சுழலும் புரொபெல்லர் விமானத்தை இடப்பக்கம் இழுப்பதையும், எஞ்சின் விசையில் மூக்கு மேலெழுவதையும் அது ஈடுகட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலானது ஈர்ப்பு மையம். காலி டாங்கியுடன், இறக்கையின் அடியில் குறித்த இரண்டு புள்ளிகளில் விரல்நுனிகளை வைத்து விமானத்தைத் தூக்குகிறார். வால் சாய்ந்தால் பேட்டரியை எடுத்து மூக்குக்குள் தள்ளுகிறார். போதாவிட்டால் ஈயம் சேர்க்கிறார். மூக்கு கனத்த விமானம் மந்தமாகவாவது பறந்து வீடு திரும்பும். வால் கனத்த விமானம் ஒவ்வொரு சிறு அசைவையும் பெரிதாக்கிக்கொண்டே போய் மண்ணில் குத்தும். பெட்ரோல் எஞ்சினின் கார்புரேட்டரிலேயே பம்ப் இருப்பதால் டாங்கியை எஞ்சினுக்குப் பின்னால் தள்ளி, ஈர்ப்பு மையத்தின் மேலேயே வைக்க முடிகிறது. எரிபொருள் தீரத் தீரச் சமநிலை நகராது. கடைசியாக, ரேடியோ தொடர்பு அறுந்தால் சர்வோ என்ற சிறு மோட்டார் தானாகவே த்ராட்டிலை மூடும்படி அமைக்கிறார். தன் குரல் எட்டாத வேளைக்கும் ஏற்பாடு செய்துவைக்கிறார்.

ரேடியோ வருவதற்கு வெகுகாலம் முன்பே மாதிரி விமானங்கள் இந்த அறிவைப் பெற்றுவிட்டன. 1871இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ பறக்கவிட்ட ரப்பர்முறுக்கு விமானம் 11 விநாடிகள் பறந்தது. அதை ஓட்ட யாரும் இல்லை, ஓட்ட வழியும் இல்லை. வாலைச் சிறிது கீழ்க்கோணத்தில் பொருத்தி, இறக்கை நுனிகளை மேலே வளைத்து, நிமிர்ந்து நிற்கும் பழக்கத்தை அதன் உடம்பிலேயே பெனோ வைத்துவிட்டார். ரேடியோ வந்த ஆரம்ப காலத்தில் அந்தக் கருவியால் பெரும்பாலும் சுக்கானை இப்படியோ அப்படியோ தட்டிவிட மட்டுமே முடிந்தது. தானாகப் பறக்கக்கூடிய விமானத்துக்கு மட்டுமே அந்தத் தட்டல் பயன்பட்டது. இன்றைய டிரான்ஸ்மிட்டர்கள் எவ்வளவோ வளர்ந்துவிட்டாலும் அடிப்படை அப்படியே இருக்கிறது. ஓட்டுபவர் விமானத்துக்குள் இல்லை. அது சாய்வதைக் கண் பார்த்து, விரல் அசைந்து, அலை போய்ச் சேர்ந்து, சர்வோ திரும்புவதற்குள் சாய்வு இன்னும் கூடியிருக்கும். விமானம் அவரை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். வெளியிலிருந்து வரும் கட்டளை எப்போதும் கொஞ்சம் தாமதமானது, கொஞ்சம் குருட்டுத்தனமானது. ஏற்கெனவே நிமிரத் துடிக்கும் ஒன்றிடம்தான் அது பலிக்கும். இன்னொன்றும் உண்டு: விடாமல் பிடித்து ஓட்டுபவருக்குத் தன் விமானத்தின் குறை தெரியாமலே போய்விடுகிறது. அதன் கோணலை அவரது கட்டைவிரல் தன்னையறியாமல் சதா ஈடுகட்டிக்கொண்டிருக்கும்.

இந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2003 ஆகஸ்டில் ஒரு நிரூபணம் கிடைத்தது. அமெரிக்கரான மேனார்ட் ஹில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தில் உலோகவியலாளராக இருந்தவர். 77 வயதில், பார்வை பெருமளவு மங்கி, காதும் சரியாகக் கேளாத நிலையில், பல்சா மரத்தால் ஒரு விமானம் செய்தார். உலகச் சாதனை விதிகளின்படி எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும், எஞ்சின் 10 சிசிக்கு மேல் போகக்கூடாது. புறப்படும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி எரிபொருள்தான். கூடாரமடிப்பவர்கள் அடுப்புக்கும் விளக்குக்கும் ஊற்றும் வெள்ளைப் பெட்ரோல். 2002இலும் 2003இலும் அதற்கு முன் அனுப்பியவை கரைசேரவில்லை. ஆகஸ்ட் 9 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கேப் ஸ்பியர் முனையிலிருந்து ஹில் தன் கையாலேயே அதை வீசினார். சற்று நேரம் ஒருவர் ரேடியோவில் ஓட்டி உயரம் ஏற்றினார். பிறகு உள்ளே இருந்த தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டார். அதன்பிறகு அட்லாண்டிக் முழுவதும் மனிதக் கையின் கட்டளை ஒன்றுகூட அதற்கு எட்டவில்லை. செயற்கைக்கோள் வழியாக வந்த நிலைத்தகவலும் நடுவில் சில மணி நேரம் நின்றுபோனது. 38 மணி 52 நிமிடம் பறந்து, சுமார் 3,030 கிலோமீட்டர் கடந்து, அயர்லாந்தில் கிளிஃப்டன் அருகே மேனின் கடற்கரையின் மேல் வந்தபோது அங்கே காத்திருந்தவர் ரேடியோவில் அதை வாங்கி இறக்கினார். அந்த 38 மணி நேரமும் ஹில் எங்கே இருந்தார் என்று கேட்டால், நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் என்பது பாதிப் பதில். இறக்கையின் கோணத்திலும், டாங்கி இருந்த இடத்திலும், எஞ்சின் சொட்டுச்சொட்டாகக் குடிக்கும்படி அவர் பழக்கிய அளவிலும் இருந்தார் என்பது மீதி.

இங்கிருந்து பார்த்தால் லைப்னிட்ஸும் கிளார்க்கும் ஒரே தவறைப் பங்குபோட்டுக்கொண்டது தெரிகிறது. தலையீடு, தலையிடாமை என்ற இரண்டை மட்டும் வைத்துப் பெருமையை எடைபோட்டார்கள். விலகி நிற்பதும் படைப்பவனின் செயல்களில் ஒன்றாக இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. சைவ சித்தாந்தத்தின் கணக்கில் அது வந்திருக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று இறைவனுக்குத் தொழில் ஐந்து. மறைத்தலை அருளின் எதிர்ப்பக்கமாக அது வைக்கவில்லை. அருளின் ஒரு வடிவமாகவே வைக்கிறது. தன்னை மறைத்துக்கொள்வதால்தான் உயிர் தன் வினையை நுகர்ந்து பக்குவப்பட இடம் கிடைக்கிறது என்கிறது. வேறொரு விஷயத்திலும் இந்தத் தத்துவம் பட்டறைக்கு மிக நெருக்கமானது. உயிரை இறைவன் ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கினான் என்று அது சொல்வதில்லை. பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய கட்டு மூன்றும் தொடக்கமற்றவை. உயிருக்கு உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்ச்சியையும் தருவதே படைத்தல். மாதிரி விமானம் கட்டுபவர் காற்றைப் படைக்கவில்லை, ஈர்ப்பைப் படைக்கவில்லை, பல்சாவின் இழையோட்டத்தையும் படைக்கவில்லை. தனக்கு முன்பே இருக்கும் ஒன்றை நிமிரக்கூடியதாக அமைக்கிறார்.

பிடியை விடக்கூடியபடி செய்து முடிப்பதே பெருமை என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ரைட் சகோதரர்களிடமிருந்து வரும். தானாக நிமிரும் விமானத்தைத் தேடி ஐரோப்பியர்கள் பல ஆண்டுகள் செலவிட்டார்கள். ரைட் சகோதரர்கள் அதை ஒதுக்கிவிட்டு, ஓட்டுபவர் ஒவ்வொரு கணமும் பிடித்திருக்க வேண்டிய விமானத்தைத் தெரிந்தே கட்டினார்கள். 1903 டிசம்பர் 17 அன்று மனிதனைத் தாங்கிப் பறந்தது அதுதான். பிடிதானே வென்றது என்று கேட்கலாம். வென்றது உண்மை, ஆனால் அன்றைய பறத்தல்களில் அது மேலும் கீழுமாகத் துள்ளித்துள்ளிப் போனது, மிக நீண்டதே 59 விநாடிதான். சில ஆண்டுகளில் அவர்களே முன்னாலிருந்த உயரச் சுக்கானைப் பின்னால் கொண்டுபோனார்கள். இன்றைய எஃப்-16 போன்ற போர்விமானங்களில் நிலையாமையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்றால், அதை விநாடிக்குப் பலமுறை திருத்தும் கணினி விமானத்துக்குள்ளேயே இருக்கிறது. திருத்தும் இயல்பு வேறொரு வடிவில் விமானத்தின் சொந்தச் சொத்தாக்கப்பட்டிருக்கிறது. வித்தை காட்டும் மாதிரி விமானங்கள் தானாக நிமிராமல் விட்ட நிலையிலேயே நிற்கும்படி அமைக்கப்படுவதும் உண்டு. அவற்றையும் முதல் நாளில் விரலை எடுத்துத்தான் சோதிக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு தத்துவவாதி டேவிட் ஹியூமுடையது, இன்னும் கூர்மையானது. அவர் இறந்தபின் 1779இல் வெளிவந்த, இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்களில், கப்பலைப் பார்த்துத் தச்சனை மெச்சுகிறோம், ஆனால் அவன் எத்தனை தலைமுறைகளின் தவறுகளைப் பார்த்துச் செய்கிறான் என்று யாருக்குத் தெரியும் என்ற வாதம் வருகிறது. இந்த உலகத்துக்கு முன்னாலும் எத்தனையோ உலகங்கள் பாழாகியிருக்கலாம் என்கிறது அது. கடலில் விழுந்த ஹில்லின் விமானங்கள் ஹியூமின் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன. இதை மறுக்கத் தேவையில்லை. விமானத்திலிருந்து இறைவன் இருக்கிறான் என்று நிறுவ முயன்றால் ஹியூம் அதைத் தகர்த்துவிடுவார். என் வாதம் அதைவிடச் சிறியது. அது இறைவனின் இருப்பைத் தொடவில்லை; அவன் மௌனத்திலிருந்து நாம் என்ன முடிவுக்கு வரலாம் என்பதை மட்டும் கேட்கிறது. கட்டளை வரவில்லை, ஆகவே யாரும் இல்லை அல்லது இருந்தும் அக்கறையில்லை என்ற முடிவு, மனிதனின் சின்னஞ்சிறு படைப்பிலேயே செல்லாமல் போகிறது. அட்லாண்டிக்கின் மேல் பறந்த விமானத்துக்குக் கட்டளை வராமல் இருந்த நேரம்தான் அதைச் செய்தவரின் அக்கறை முழுதாக வேலை செய்த நேரம். வழிபடுபவன் வேண்டும் உதவிக்கும் இது இடம் விட்டே வைக்கிறது. மேனின் கடற்கரையில் ரேடியோ அலை எட்டியதும் ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. அந்தக் கைக்குக் கட்டுப்பட அந்த விமானத்தால் முடிந்தது என்பதும் அமைப்பில் இருந்த விஷயமே.

மூன்றாவது மறுப்புக்கு நிறைவான விடை என்னிடம் இல்லை. கடலில் விழுந்த பல்சாவுக்கு வலி கிடையாது. மனிதக் குழந்தைக்கு உண்டு. விழவிட்டுக் கற்பது மாதிரி விமானம் கட்டுபவருக்கு நியாயம். உணர்வுள்ள ஒன்றை விழவிடுவது அதே நியாயத்தில் அடங்காது. சித்தாந்தம் இங்கே வினையை முன்னிறுத்துகிறது: விழுந்தது உயிரின் சொந்தக் கனத்தால், ஆணவத்தின் கனத்தால் என்கிறது. ஈர்ப்பு மையம் தவறிய விமானத்தை நினைத்தால் அந்த விளக்கத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. பேட்டரியை மூக்குக்குள் தள்ளியிருக்கலாமே, ஈயம் சேர்த்திருக்கலாமே என்ற கேள்வி அப்போதும் எஞ்சுகிறது. ஆணவம் என்ற மூலமலத்தின் கனம் இறைவன் வைத்ததல்ல, தொடக்கமில்லாமலே இருப்பது என்று சொன்னால் அவன் மேல் பழி விழாது. அவன் வல்லமைக்கு எல்லை விழுந்துவிடுகிறது. அந்த எல்லையை ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை என்பது என் கருத்து. எல்லாம்வல்லவன் என்ற பட்டத்தைக் காப்பாற்ற ஒரு குழந்தையின் வலிக்கு நியாயம் கற்பிப்பதைவிட, தான் உண்டாக்காத காற்றோடும் கனத்தோடும் போராடி அமைக்கிறவனாக இறைவனை நினைப்பது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.