திரை எதை மறைக்கிறது?

பரம்பரை வைத்தியர் தம் மருந்தின் பக்குவத்தை எல்லாருக்கும் சொல்வதில்லை. அதை நாம் குறை கூறுவதும் இல்லை. ஆனால் அம்மருந்து உடலுக்குச் செய்யும் தீங்கை அவர் நோயாளியிடம் மறைத்தால் பொறுத்துக்கொள்வோமா? மறைத்தல் என்னும் ஒரே செயலுக்கு இருவேறு அறத்தீர்ப்புகள் உண்டு. இவ்வேறுபாடு கணினி உலகில் இன்று பெரிதும் சிந்திக்கத்தக்கது.

மென்பொருளை ஆக்குவோர் அதை முதலில் மனிதர் படித்தறியும் நிரலாகவே எழுதுகின்றனர். விற்பனைக்கு வருமுன் அது பொறிக்குரிய வடிவுக்கு மாற்றப்படுகிறது. ஆயினும் வல்லுநர் அதைப் பிரித்து ஆராய்ந்து, மூலத்தை ஏறக்குறைய மீட்டுவிடுவர். ஜாவா மொழியில் எழுதப்பட்டவற்றில் இது மிக எளிது. இதைத் தடுக்க நிரலை வேண்டுமென்றே குழப்பிவைக்கும் முறை தோன்றியது. பொருளுள்ள பெயர்களை நீக்கி வெற்றெழுத்துகளை இடுவர். ஒருபோதும் நடவாத கிளைவழிகளைச் சேர்ப்பர். உள்ளிருக்கும் சொற்களை மறைகுறிகளாக்குவர். நிரல் முன்போலவே இயங்கும். படிப்பவருக்கோ வழி தெரியாது.

பல மாத உழைப்பை ஓரிரவில் படியெடுத்து விற்போர் இருக்கும்வரை, இவ்வேலியை அநீதி எனல் தகாது. அதே வேளையில், பிரித்து ஆராய்வோர் அனைவரும் கள்வரல்லர். ஒரு மென்பொருள் மற்றொன்றோடு இணைந்து இயங்குவதற்குத் தேவையெனில், உரிமையாளரின் இசைவின்றியே வரம்புக்குட்பட்டு அதைப் பிரித்தறியலாம் என 1991ஆம் ஆண்டு ஐரோப்பிய சமூகத்தின் நெறியுரை ஏற்றுக்கொண்டது.

வேலி எப்போது பொறியாகிறது? சோனி பி.எம்.ஜி. நிறுவனம் இசைத்தட்டுகள் படியெடுக்கப்படுவதைத் தடுக்க, அவற்றுள் சிலவற்றில் ஒரு மென்பொருளைச் சேர்த்திருந்தது. தட்டை வாங்கியவரின் கணினியில் குடியேறிய அது, தன் இருப்பையே அவரிடமிருந்து மறைத்தது. 2005 அக்டோபரில் மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் அதைப் பிரித்து ஆராய்ந்து உண்மையை வெளியிட்டார். சில நாள்களிலேயே தீய நிரல்களும் அம்மறைவிடத்தில் ஒளிந்துகொள்ளத் தொடங்கின. நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. இசையைக் காக்க விரும்பியது நியாயமே. ஆனால் பிறர் வீட்டுக்குள் அவரறியாமல் காவலாளியைக் குடிவைக்க எவருக்கும் உரிமையில்லை.

வோக்ஸ்வாகன் நிகழ்ச்சி இதனினும் கொடிது. சோதனைக்கூடத்தில் இருப்பதை உணர்ந்து, அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் அதன் டீசல் கார்களில் இருந்தது 2015 செப்டம்பரில் வெளிப்பட்டது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது இருந்ததாக நிறுவனமே கூறியது. சாலையிலோ நைட்ரஜன் ஆக்சைடுகள் அமெரிக்க வரம்பைப் போல 40 மடங்கு வரை வெளியேறின. அக்காற்றைச் சுவாசித்த மக்களோ அந்நிறுவனத்தோடு எந்த ஒப்பந்தமும் செய்தவரல்லர்.

எந்தத் திரையும் நிலையானதன்று. மறைகுறி முறை பகைவர் கையில் சிக்கினாலும் தீங்கு நேராதபடி அமைய வேண்டும் என அகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் 1883இலேயே எழுதினார். எல்லா நிரல்களையும் முற்றாக மறைக்கவல்ல பொதுமுறை இருக்க இயலாது என 2001இல் கணினி அறிஞர் சிலர் கணிதவழி மெய்ப்பித்தனர். குழப்பம் தாமதப்படுத்தும், என்றென்றும் காவாது.

ஆதலால், மென்பொருள் பணியில் இருப்போர் தம் மனச்சான்றிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: 'இத்திரை நாளை விலகினால் எனக்கு வருவது நட்டமா, நாணமா?' நட்டம் மட்டுமே எனில், மறைக்கப்பட்டது உழைப்பின் நுணுக்கம். அதைக் காப்பது முறையே. நாணம் எனில், மறைக்கப்பட்டது அயலாருக்கு இழைக்கப்பட்ட செயல். எப்படிச் செய்தோம் என்பதை மறைக்கலாம். என்ன செய்கிறோம் என்பதை, அதன் விளைவைச் சுமப்பவரிடம் மறைக்கலாகாது. அதை வெளிப்படையாகச் சொல்வதும், நேர்மையோடு ஆராய வருபவரைப் பகைவராக எண்ணாதிருப்பதும், வேலி கட்டுவோருக்கு உரிய கடமைகளாகும்.