வட்டத்தைக் கண்டோம், வயலைக் கண்டோமா?

விளங்காத ஒன்றைக் கண்டவிடத்து மனிதன் வினா எழுப்புகிறான். வினா எழுப்பும் ஆற்றலே மனித குலத்தை முன்னேற்றியது என்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். ஆயின் எல்லா வினாக்களும் ஒரே தன்மையன அல்ல. உண்மையை அறியும் ஆவலால் எழும் வினா ஒரு வகை. தான் விரும்பும் விடையை முன்னரே மடியில் முடிந்துகொண்டு புறப்படும் வினா மற்றொரு வகை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஆராய்ச்சி என்றே பெயர் பெறும். இவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு? ஆராய்ச்சி அறிவு சார்ந்த தொழில் மட்டுந்தானா, அன்றி அதற்கென ஓர் ஒழுக்கமும் உண்டா? பயிர் வட்டங்களின் வரலாறு இவ்வினாக்களைச் சிந்திக்க நமக்கு நல்லதொரு வாய்ப்பைத் தருகிறது.

மாலையில் நிமிர்ந்து நின்ற பயிர் விடியற்காலையில் ஒழுங்கான வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். கதிர்கள் ஒரே திசையிற் சுழன்று படுத்திருக்கும். செய்தவரைக் கண்டவர் இல்லை. இதுவே பயிர் வட்டம் எனப்படுவது. வேற்றுக்கிரகவாசிகள் வந்திறங்கிய தடம் என்பர் சிலர்; பூமித்தாய் எழுதிய எழுத்து என்பர் வேறு சிலர். இவ்விளக்கங்கள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வயலுக்கு உரியவனும் அதில் உழைத்தவனும் இவற்றுள் எங்கும் இடம்பெறுவதில்லை.

இவ்வட்டங்களின் பழைய சான்றாகப் பலரும் காட்டுவது, இங்கிலாந்தில் 1678ஆம் ஆண்டு அச்சான ஒரு சிறு பிரசுரமாகும். ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் வசதி படைத்த விவசாயி ஒருவன் தன் ஓட்ஸ் பயிரை அறுக்க ஓர் ஏழைத் தொழிலாளியிடம் கூலி பேசுகிறான். தொழிலாளி கேட்ட கூலி அவனுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 'உனக்குக் கொடுப்பதிலும் பிசாசே வந்து அறுக்கட்டும்' என்று சினந்து கூறுகிறான். அன்றிரவு வயல் தீப்பற்றியது போற் காணப்பட்டதாம். விடிந்தபோது பயிர் முழுவதும் மனிதக் கையால் இயலாத நேர்த்தியுடன் அறுக்கப்பட்டிருந்ததாம். அதை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் துணிவு அவனுக்கு வரவில்லை என்று கதை முடிகிறது. பிரசுரத்தின் முகப்புப் படத்தில் பிசாசு அரிவாளுடன் வட்டமாக அறுத்துக்கொண்டிருக்கிறது.

இக்கதையில் பயிர் அறுக்கப்பட்டதேயன்றிச் சாய்க்கப்படவில்லை. ஆதலின் இது பயிர் வட்டமே அன்று என்று மறுப்போரும் உளர். அவ்விவாதம் நடந்துகொண்டிருக்கட்டும். நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. இக்கதையின் கரு கூலித் தகராறு. உழைப்புக்கு உரிய விலை மறுக்கப்பட்ட இடத்திலேதான் பிசாசு நுழைகிறது. பிற்காலத்தார் பிசாசை மட்டும் எடுத்துக்கொண்டனர், கூலியை மறந்தனர். அற்புதக் கதைகள் மக்களிடையே நடமாடும்போது முதலில் உதிர்ந்துபோவது பெரும்பாலும் உழைப்பாளியின் வழக்கே.

நம் காலத்துக்கு வருவோம். 1966 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் டல்லி என்னும் ஊருக்கருகே, சதுப்பு நீரிலிருந்து பறக்கும் பொருளொன்று எழுந்ததைக் கண்டதாக வாழைத் தோட்டக்காரர் ஒருவர் கூறினார். அவ்விடத்தில் நாணற் புற்கள் வட்டமாகச் சாய்ந்து கிடந்தன. இச்செய்தியை அறிந்திருந்த டக் பவர் என்பவரும் அவருடைய நண்பர் டேவ் சோர்லியும் 1970களின் பிற்பகுதியில் தென் இங்கிலாந்து வயல்களில் இரவு வேளைகளில் வட்டங்கள் அமைக்கத் தொடங்கினர். ஒரு பலகை, ஒரு கயிறு, நேர்கோடு பார்ப்பதற்குத் தொப்பியிற் பொருத்திய ஒரு கம்பி வளையம் ஆகியவையே அவர்களுடைய கருவிகள். 1991 செப்டெம்பரில், அறுபது வயதைக் கடந்த அவ்விருவரும் பத்திரிகையொன்றின் வாயிலாக உண்மையை வெளியிட்டனர்.

அதற்கிடையில் நூல்கள் வெளிவந்திருந்தன, நிபுணர்கள் தோன்றியிருந்தனர். சுழற்காற்றின் விளைவு என வானிலை அறிஞர் ஒருவர் கோட்பாடு வகுத்திருந்தார். பத்திரிகையின் வேண்டுகோட்படி அந்நண்பர்கள் புதிதாக ஒரு வட்டம் செய்தபோது, முன்னணி ஆராய்ச்சியாளராகக் கருதப்பட்ட பாட் டெல்கடோ அதனை மனிதரால் ஆக்க முடியாதது என்று உறுதி கூறினார். உண்மை தெரிந்ததும் தாம் ஏமாற்றப்பட்டதை அவர் ஒப்புக்கொண்டார். இதை நாம் ஏளனத்துடன் நினைவுகூரவில்லை. தவறிய அறிஞன் தவறினேன் என்று கூறுவது அறிவின் மானத்தைக் காப்பதாகும். கவலைக்குரியோர் வேறு சிலர். 'அவர்கள் செய்தவை போலிகள். மெய்யான வட்டங்கள் இன்னும் உள' என்று கூறி அவர்கள் நம்பிக்கையைத் தொடர்ந்தனர். எந்தச் சான்று வந்தாலும் தோற்காத நம்பிக்கை எதையும் அறிந்துகொள்வதில்லை. தோற்பதற்கு ஆயத்தமாயிருப்பதே ஆராய்ச்சி ஒழுக்கத்தின் முதற்பாடம்.

இவ்விடத்தில் நண்பர் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். 'வாழ்க்கை வறண்டு கிடக்கிறது. எளிய மக்களுக்கு ஒரு வியப்பு வாய்த்தால் அதனை ஏன் கெடுக்கவேண்டும்? வட்டத்தால் யாருக்கு என்ன தீங்கு?' இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. வியப்பு இல்லாத மனம் கலையையும் படைக்காது, விஞ்ஞானத்தையும் வளர்க்காது. ஆயின் இரு முதியவர்கள் ஒரு பலகையும் கயிறுங் கொண்டு இருளில் இத்துணை அழகான வடிவத்தை ஆக்கினர் என்பது வியப்பில்லையா? மனிதக் கையின் ஆற்றலை அறிந்தவுடன் வியப்பு குன்றிவிடுமாயின், நாம் மனிதக் கையை எவ்வளவு மலிவாக மதித்து வந்திருக்கிறோம்! தீங்கு யாருக்கு என்ற வினாவுக்கும் விடை உண்டு. மிதிபட்ட கதிர் ஒருவருடைய உழைப்பு.

இலங்கையில் இத்துறையைப் பற்றிப் பேசுவோர் கலாநிதி ஆபிரகாம் கோவூரை மறக்கவியலாது. கேரளத்தில் 1898இல் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றி, 1978இல் கொழும்பில் மறைந்தவர் அவர். அற்புத சக்தியை ஐயத்துக்கிடமின்றி நிரூபிப்போருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அவர் விடுத்த சவால் பலரும் அறிந்தது. அச்சவாலினும் அவர் கையாண்ட முறை நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கல் விழும் வீடு, தானே தீப்பற்றும் துணி என்று செய்தி வந்தால் நேரிற் சென்றார். வீட்டார் ஒவ்வொருவருடனும் தனித்தனியே பேசினார். பேயின் பின்னால் அவர் கண்டவர் பெரும்பாலும் மனத்துயரால் அல்லலுற்ற ஒரு மனிதரே. அம்மனிதரை ஊரார்முன் நிறுத்தி நகையாடுவதை விடுத்து, அவர்தம் நோய்க்கு மருந்து தேட முயன்றார். பகுத்தறிவு பரிவுடன் இணைந்து செல்ல இயலும் என்பதற்கு இது சான்று.

கற்றோரும் வியப்பின் வலையிற் சிக்குவதுண்டு. 2012 டிசம்பர் 29ஆம் நாள் பொலனறுவைப் பகுதியில் வானிலிருந்து கற்கள் வீழ்ந்ததாகச் செய்தி பரவியது. வயற்புறத்திற் பொறுக்கிய கற்களில் விண்ணிலிருந்து வந்த நுண்பாசிகளின் எச்சங்கள் உள்ளன என்று, இலங்கையிற் பிறந்த புகழ்பெற்ற வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவரது குழுவினரும் 2013 ஜனவரியில் எழுதினர். அத்தகைய நுண்பாசிகள் நன்னீரிலும் வயல் நீரிலும் எங்கும் வாழ்வன. அக்கற்கள் விண்கற்கள் என்பதற்கே போதிய சான்றில்லை என்று ஏனைய விஞ்ஞானிகள் மறுத்தனர். சேற்றில் இருந்த உயிருக்கு விண்வெளியிற் பிறப்பிடம் தேடுமுன் சேற்றை ஆராய்ந்திருக்க வேண்டாவா என்பதே அம்மறுப்பின் சாரம்.

நெல் வயலில் தோன்றிய பயிர் வட்டமொன்றும் ஆசியாவில் உண்டு. 2011 ஜனவரியில் ஜாவாத் தீவின் யோக்யகார்த்தா நகருக்கு அருகே, ஸ்லெமான் மாவட்டத்து நெல்வயலில் பெரியதொரு வட்டக்கோலம் காணப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தனர். இந்தோனேசிய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் வந்து பார்த்து, மனிதர் செய்ததே என்றனர்.

அதே ஜாவாவின் வயல்கள் அதற்கு முன்னரும் வட்டங்களைக் கண்டிருந்தன. அவை காய்ந்த வட்டங்கள். 1970களிலும் 1980களிலும் பசும்பயிரின் நடுவே வட்ட வட்டமாக நெல் பழுத்துக் கருகியது. தமிழகத்து உழவர் புகையான் என்றும், நம் நாட்டு விவசாயத் திணைக்களத்தார் கபிலநிறத் தத்தி என்றும் அழைக்கும் சிறு பூச்சியின் வேலை அது. பயிரின் அடித்தண்டில் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். ஓரிடத்தில் தொடங்கி நாற்புறமும் பரவுவதால் அழிவு வட்டவடிவம் பெறும். பூச்சிகொல்லியை மேலும் மேலும் தெளித்தனர். தத்தி மேலும் மேலும் பெருகியது. நஞ்சு, தத்தியை உண்ணும் சிலந்திகளையும் பிற நன்மைப் பூச்சிகளையும் கொன்றுவிட்டது என்பதை வயலில் இறங்கி எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள் காட்டினர். 1986இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 வகைப் பூச்சிகொல்லிகளைத் தடை செய்தது. அவற்றுக்கு வழங்கிய மானியமும் சில ஆண்டுகளில் நின்றது. 1989 முதல் உழவர் வயற்பள்ளிகள் தொடங்கின. உழவரே வாரந்தோறும் வயலில் இறங்கி, தண்டை விலக்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, படம் வரைந்து, தம்முள் விவாதித்து முடிவு செய்தனர்.

இரு வகை வட்டங்களையும் ஒப்பிட்டு நோக்குக. ஒன்றைக் காண உலகமே திரண்டது. மற்றொன்று பல்லாயிரம் குடும்பங்களின் சோற்றைப் பறித்தது; அதனைக் காண எவரும் பேருந்து பிடித்து வந்ததில்லை. ஆயினும் வட்ட ஆராய்ச்சி என்னும் பெயருக்குத் தகுதியானது வயற்பள்ளியில் நடந்ததே. அங்கு உழவன் ஆராயப்படும் பொருளாக நிற்கவில்லை. ஆராய்ச்சியாளனாக எழுந்து நின்றான். நம் நாட்டில் 2021இல் கமக்காரனைக் கேளாமலே இரசாயன உரத்தை ஒரே ஆணையால் தடை செய்து, விளைச்சல் வீழ்ந்தபின் அவ்வாண்டு முடியுமுன்னே அத்தடையைத் தளர்த்திய அனுபவத்தை இதனுடன் வைத்து எண்ணினால், வேறுபாடு தெளிவாகும்.

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மாந்தை மேற்குப் பிரதேசத்தில் உள்ளது இலுப்பைக்கடவை. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். நாளை அங்கு ஒரு வயலில் வட்டம் தோன்றியதாக வைத்துக்கொள்வோம். கைத்தொலைபேசிகளில் படம் பறக்கும். தெய்வக் குற்றம் என்பாரும் விண்கலம் என்பாரும் மூடநம்பிக்கை என்று நகைப்பாரும் வந்து வரம்பில் நிற்பர். நகைப்பவரும் வரம்பில் நின்றவாறே நகைத்தால், அவருக்கும் நம்புபவருக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை. இறங்கிப் பார்ப்போம். பயிர் சாய்ந்ததா, காய்ந்ததா? சாய்ந்ததாயின், முன்னிரவிற் காற்றும் மழையும் இருந்தனவா? யூரியா மிகுந்து தண்டு மெலிந்ததா? கட்டாக்காலி மாடோ பன்றியோ புகுந்ததா? வரம்பில் மனிதர் காலடி உண்டா? காய்ந்ததாயின், அடித்தண்டை விலக்கித் தத்தியைத் தேடுவோம். எல்லாவற்றுக்கும் முதலில், அவ்வயலின் கமக்காரரை அழைத்து, 'ஐயா, நேற்று இது எப்படி இருந்தது?' என்று கேட்போம். பயிரை நாள்தோறும் பார்த்தவர் அவர் ஒருவரே. சூடு மிதிக்கும் மாடுகள் சுற்றிவந்த களத்தைக் கண்ட அவ்வூர் முதியோருக்கு வட்டம் என்பது உழைப்பின் வடிவம். விண்ணின் எழுத்து அன்று.

அம்மண்ணுக்கு வேறு வட்டங்களும் தெரியும். 2008இல் போர் இலுப்பைக்கடவையைக் கடந்து சென்றது, மக்கள் இடம்பெயர்ந்தனர். வன்னிப் பெருநிலத்து வயல்களில் எறிகணைகள் குடைந்த குழிகளும் வட்டமானவையே. அவற்றின் மர்மத்தை அறிய எந்த விண்கல ஆராய்ச்சியாளரும் வரவில்லை. போர் முடிந்தபின் மன்னார் உட்பட வடபகுதி நிலங்களை ஆராய்ந்தோர் கண்ணிவெடி அகற்றும் தொழிலாளர். அவர்களுட் பெண்கள் பலர். முகக்கவசம் அணிந்து, வெயிலில் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைத் துருவினர். 'இந்நிலம் பாதுகாப்பானது' என்று அவர்கள் கூறும் ஒரு வாக்கியத்தின் மீதுதான் கமக்காரன் ஏர் பூட்டுவான். பிள்ளைகள் நடந்து செல்வர். அவ்வாக்கியம் பொய்த்தால் ஒரு காலோ ஓர் உயிரோ போய்விடும். இங்கு விருப்பத்துக்கு இடமில்லை, அவசரத்துக்கும் இடமில்லை. தவறின் விலையை யார் செலுத்துவார் என்பதை அறிந்து செய்யும் ஆராய்ச்சி இது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். மாணவனுக்கு விடைகளை மட்டும் கற்பித்தால் அவன் நாளை வேறொருவர் தரும் விடையை அதே பணிவுடன் ஏற்றுக்கொள்வான். வயலுக்கு அழைத்துச் செல்வோம். தண்டை விலக்கிப் பார்க்கக் கற்பிப்போம். தான் எதிர்பாராத விடை வந்தாலும் அதைக் குறிப்பேட்டில் எழுதும் நேர்மையைப் பழக்குவோம். வட்டம் எவ்வாறு வந்தது என்று கேட்கும் அதே மூச்சில், அதனுள் மடிந்து கிடக்கும் நெல் யாருடையது, அவருடைய இழப்புக்கு யார் பொறுப்பு என்றும் கேட்கும் தலைமுறையை நாம் உருவாக்கவேண்டும்.