நிழலை விட்டுவைத்தல்

ஓவியர் ரெம்பிராண்ட் 1628 வாக்கில், 22 வயதில், தன்னையே வரைந்துகொண்ட சின்னஞ்சிறு எண்ணெய் ஓவியம் ஒன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. உயரம் ஒரு சாண்தான். வெளிச்சம் கழுத்திலும் காது மடலிலும் ஒரு பக்கக் கன்னத்திலும் விழுந்து, மூக்கு நுனியைத் தொட்டதோடு நின்றுவிடுகிறது. கண்கள் நிழலுக்குள். முகம் வரைபவர் எவரும் முதலில் தேடும் கண்களை இருட்டில் விட ஓர் இளைஞனுக்கு எப்படித் துணிச்சல் வந்தது?

வெறுமனே பார்த்தால் இந்தக் கேள்வி உறைக்காது. பிரதி எடுக்க உட்கார்ந்தால் உறைக்கும். இமையைத் தெளிவாக்கு, விழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வை என்று கை பரபரக்கும். வைத்தால் கன்னத்து வெளிச்சம் வலுவிழந்துவிடும். குழாயில் இருக்கும் வெள்ளையைவிடப் பிரகாசமான எதுவும் ஓவியரிடம் கிடையாது. சுற்றியிருக்கும் இருட்டுதான் அதைச் சுடராக்குகிறது. அந்த இருட்டும் கறுப்பை அப்பினால் வந்துவிடாது. ரெம்பிராண்டும் அவர் காலத்து ஓவியர் ரூபன்ஸும் நிழலை மெல்லிய பழுப்புப் பூச்சாக விட்டு, வெளிச்சம் படும் இடத்தில்தான் வண்ணத்தைத் தடிப்பாக வைத்தார்கள். இந்த ஓவியத்தின் சுருள்முடி, ஈர வண்ணத்தைத் தூரிகையின் பின்முனையால் கீறி உருவாக்கியது. காய்வதற்குள் துணிந்தாக வேண்டும்.

மனிதர்களிடமும் இப்படி நிழலை விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நெருங்கியவர்களைத் துருவித் துருவிக் கேட்பதே அன்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என் அப்பா தன் இளமைக்காலத்தைப் பற்றிப் பேசமாட்டார். இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. அவர் செய்தித்தாளை மடிக்கும் ஒழுங்கை, அம்மாவுக்குக் காப்பி ஆற்றித் தரும் கையைக் கவனிக்கிறேன். அவரை முன்பைவிடக் குறைவாக அறிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லாமல் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அதை மதிப்பதும் அவரை அறிவதில் சேர்த்திதான்.

ரெம்பிராண்டின் ஓவியத்தைப் பிரதி எடுத்த கை வழியாகத்தான் நிழலை விட்டுவைக்கும் இந்தப் பாடம் எனக்குள் இறங்கியது. அதனால்தான், பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தால் சொந்தக் கை கெட்டுவிடும் என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ரூபன்ஸ் பேரும் புகழும் பெற்ற பிறகும் ஓவியர் காரவாஜியோவின் 'கிறிஸ்துவின் அடக்கம்' ஓவியத்தைப் பார்த்து வரைந்தார். ஆட்கள் நிற்கும் விதத்தை மாற்றினார். கனடாவின் ஒட்டாவாவில் இருக்கும் அந்தப் பிரதியை இன்று ரூபன்ஸின் படைப்பாகவே பார்க்கிறார்கள்.

ஓவியம் கற்றுத்தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களை ஒரு பழைய ஓவியத்தையாவது முழுமையாகப் பிரதி எடுக்க விடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். வெள்ளையைக் கடைசியில் கொடுங்கள்.