பொய்ப்பல்லும் ஓதும் வாயும்



மிஸ்வாக்கு வாயைத் தூய்மையாக்கும், இறைவனின் பொருத்தத்தையும் பெற்றுத் தரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் அறிவோம். "பல்லெல்லாம் விழுந்து பல்செட் வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன பங்கு?" என்று சிலர் கேட்கலாம். பங்கு உண்டு, சற்றுக் கூடுதலாகவே உண்டு.

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியில் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் கிளம்பியது. தங்கத்தில் செய்து வைத்துக்கொள்ளும்படி நபியவர்கள் ஏவினார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி! செயற்கை உறுப்பு ஆகும் என்பது இதில் ஒரு பாடம். அதனால் கேடு வந்தால் பொறுத்துக் கிடக்கச் சொல்லவில்லை, கேட்டை நீக்கும் வழியைச் சொன்னார்கள் என்பது மற்றொரு பாடம்.

பல்செட்டால் வரும் கேடு என்ன? கேண்டிடா என்னும் பூஞ்சைக் கிருமி நல்ல வாயிலும் சிறிதளவு இருப்பதுதான். செட்டுக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே உமிழ்நீர் சரியாகப் புகாது. அக்ரிலிக் செட்டின் நுண்துளைகளில் அழுக்குப் படிந்தால் கிருமி அங்கே பெருகும். அண்ணம் சிவந்து போகும். பெரும்பாலும் வலி இராது. அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. கடைவாய் வெடிப்பதும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும், ஆஸ்துமாவுக்கு மருந்தை வாய்வழி உறிஞ்சுவோருக்கும் அபாயம் அதிகம். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். இரவிலும் செட்டோடு உறங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்குக்கு மேல் இருந்தது.

மருந்து தடவி அண்ணத்தை ஆற்றிவிட்டு, அழுக்குச் செட்டையே மீண்டும் மாட்டினால் நோயும் மீண்டு வரும். ஆகவே வாயைப் போலவே செட்டும் சுத்தமாக வேண்டும்.

சாப்பிட்டதும் செட்டைக் கழற்றி அலசுங்கள். இரவில் தண்ணீர் நிறைந்த கிண்ணத்தின் மேல் பிடித்து, மெல்லிய பிரஷ்ஷால் சோப்பு நீரில் தேயுங்கள். கை தவறினாலும் உடையாது. கரித்தூளும் பல்பொடியும் கீறல் போடும். கீறலில் கிருமி குடியேறும். கொதிநீர் செட்டை வளைத்துவிடும். பிறகு சுத்தமான நீரிலோ, மருந்துக் கடையில் கிடைக்கும் செட் சுத்த மாத்திரை கரைத்த நீரிலோ ஊற வையுங்கள். மாத்திரையை வாயில் போடக் கூடாது. ப்ளீச்சிங் கரைசலை மருத்துவர் சொன்னாலன்றித் தொடாதீர்கள். சொன்னாலும் 10 நிமிடத்துக்கு மேல் ஆகாது, உலோகம் உள்ள செட்டை அது அரிக்கும். காலையில் நன்றாக அலசிய பின்பே மாட்டுங்கள். ஈறு, அண்ணம், நாக்கையும் மெல்லத் துடையுங்கள். சிவப்பு மாறாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மஸ்அலாவும் இதற்குத் துணை நிற்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் நம்மில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் பர்ளு. கழற்றக் கூடிய செட் தண்ணீரைத் தடுத்தால் கழற்றியே கொப்பளிக்க வேண்டும். நிலையாகப் பதித்த பல்லுக்கு இது இல்லை.

இத்தனையும் தெரிந்தும் பெரியவர்கள் ஏன் கழற்றுவதில்லை? வெட்கம்! பேகம்பூரானாலும் வத்தலக்குண்டானாலும், மருமகள் முன்னே பொக்கை வாயோடு இருக்க அத்தாவுக்குக் கூச்சம். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்களே என்று நன்னிக்குக் கூச்சம். செட்டோடு படுத்து, வாய் எரிந்து, சோற்றைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளே, இது உங்கள் பொறுப்பு. மூடியுள்ள கிண்ணம் ஒன்றை அவர்கள் படுக்கையருகே நீங்களே வையுங்கள். கை நடுங்குபவருக்கு நீங்களே கழுவிக் கொடுங்கள். நபியவர்களின் மிஸ்வாக்கைக் கழுவிக் கொடுக்கும் பணியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் செய்து வந்தார்களே! அதைவிடவா நம் கை உயர்ந்தது?

உங்களுக்குக் கலிமாவைச் சொல்லித் தந்த வாய் அது. கடைசி மூச்சிலும் அதே கலிமாவை மொழிய வேண்டிய வாய் அது. அதைப் பேணும் பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.