கூலி யார் கொடுப்பார்?

2017 சூலைத் திங்கள். தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயரும் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பேரவையில் அறிவித்திருந்த வாரம் அது. அதே நாள்களில் நம் உழவர்கள் சிலர் கடன் தள்ளுபடி கேட்டுத் தில்லி ஜந்தர் மந்தரில் மீண்டும் போராட்டத்தில் அமர்ந்திருந்தனர். ஞாயிறு மறையுரைக்குப் பொருள் தேடும் பங்குக்குருவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நான் நெகேமியாவைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

நெகேமியா யூதாவின் ஆளுநராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர். அவருக்கு முன்னிருந்த ஆளுநர்கள் உணவும் திராட்சை இரசமும் நாற்பது செக்கேல் வெள்ளியும் மக்களிடம் வசூலித்து வந்தார்கள். இவரோ ஆளுநருக்குரிய படியைத் தொடவேயில்லை. மக்களின் சுமை ஏற்கெனவே மிகுதியாக இருந்தது என்பதே அவர் கூறும் காரணம். இதனை எடுத்துரைத்து, ஊதியத்தை இரு மடங்காக்கிக்கொள்ளும் நம் தலைவர்களை அவரோடு ஒப்பிட்டேன். பூசை முடிந்ததும் பலர் வந்து கைகுலுக்கினர். மறையுரைக்குப் பாராட்டுக் கிடைப்பது அரிது. ஆகவே அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்று அம்மறையுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். முழுவதையும் அன்று, பாதியை.

நான் வாழும் ஊர் திருவண்ணாமலை. துறவுக்கு இவ்வூரில் இருக்கும் மதிப்பு வேறெதற்கும் இல்லை. 1896இல் பதினாறு வயதுச் சிறுவனாக வந்திறங்கிய இரமணர், கையில் எஞ்சியிருந்த சில்லறையை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டதை இன்றும் வியப்போடு சொல்வார்கள். பௌர்ணமி இரவுகளில் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவரும் மக்கள், பாதையோரத்தில் அமர்ந்திருக்கும் காவியுடைக்காரரின் திருவோட்டில் காசு போடாமல் நகர்வதில்லை. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்பவனைக் கண்டால் கைகூப்புவது நம் குருதியில் ஊறியது; கிறித்தவரானதால் அது மாறிவிடவில்லை. ஆகவே ஓர் அரசியல் தலைவர் ஊதியம் வேண்டாம் என்றால், அவரைத் துறவியாகவே எண்ணிவிடுகிறோம்.

ஆனால் துறவியிடம் கருவூலச் சாவி இல்லை. ஆள்பவரிடம் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டிய நிகழ்ச்சி தமிழகத்திலேயே உண்டு. 1991இல் முதலமைச்சரான ஜெயலலிதா மாதம் ஒரு ரூபாய் மட்டுமே ஊதியமாகப் பெற்றார். அன்று அது பெரிதும் போற்றப்பட்டது. அதே ஐந்தாண்டுக் காலத்துச் சொத்துக் குவிப்பு வழக்கில்தான் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூர்த் தனி நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. அதற்குள் அவர் மறைந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு மட்டும் அற்றுப்போனது. மறைந்தவரைத் தூற்றுவது என் நோக்கமன்று. ஒரு ரூபாய் என்ற அந்த எண் எதனையும் மெய்ப்பிக்கவில்லை என்பதே நான் சொல்ல வருவது.

நெகேமியாவுக்குத் திரும்புவோம். அவர் படி வாங்கவில்லை. ஆயினும் அவரது பந்தியில் நாள்தோறும் நூற்றைம்பது பேர் உண்டனர். நாளொன்றுக்கு ஒரு மாடும் ஆறு ஆடும் கோழிகளும் சமைக்கப்பட்டன என்று அவரே கணக்குச் சொல்கிறார். அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பாரசீகப் பேரரசனின் அரண்மனையில் கிண்ணம் ஏந்தும் உயர்பதவியில் இருந்தவர் அவர். அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. நம் தாத்தாமார் சின்னப்பர் என்று அழைத்த பவுலடியாரும் கொரிந்து நகரத்தாரிடம் ஊதியம் பெறவில்லை. கூடாரம் செய்யும் தொழில் கையில் இருந்தது. எனினும் ஊதியம் பெறும் உரிமை தமக்கு உண்டென்று அவர் அழுத்தமாகவே வாதிடுகிறார். உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு, உரிமையே இல்லையென்பது வேறு. என் மறையுரையில் நான் இதனைக் கலந்துவிட்டேன்.

இதை எனக்கு உணர்த்தியவர் இறையியல் படித்தவரல்லர். எங்கள் கிளைக்கிராமம் ஒன்றில் கூலி வேலை செய்து பிழைத்த பெண்மணி அவர். பெயரையும் ஊரையும் மறைத்தே எழுதுகிறேன். எழுதலாம் என்று அவரே இசைவு தந்தார். 2019 டிசம்பர்த் தேர்தலில் அவரது ஊராட்சித் தலைவர் பதவி ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஊரார் நிற்கச் சொன்னார்கள், நின்றார், வென்றார். மூவரசர் திருநாளாகிய 2020 சனவரி 6 அன்று பதவியேற்றார். அன்று மாலை ஆலயத்தில் அவருக்கு ஒரு மாலை போட்டோம்.

அடுத்த ஆண்டு ஒரு நாள் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். ஒப்பந்தக்காரர் ஒருவர் அவருடைய மகளின் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கைம்மாறாக எதுவும் கேட்கவில்லை. 'தங்கச்சி படிக்கட்டும்' என்றாராம். வாங்கலாமா என்று கேட்கவே வந்திருந்தார். நான் தயங்கவில்லை. "வாங்காதே அம்மா. இன்றைக்குக் கட்டணம், நாளைக்குக் காசோலையில் கையெழுத்து" என்றேன்.

அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி சாமி, வாங்கல. மல்லாட்ட பிடுங்கப் போனா அன்னிக்கிக் கூலி வந்துடும். இப்ப வாரத்துல மூணு நாளு ஒன்றிய ஆபீசுக்கும் பேங்குக்கும் அலையறேன். பஸ்ஸுக்கு என் காசு. இந்த மூணு நாளு கூலிய யாரு குடுப்பாங்க சாமி?" என்றார்.

ஊராட்சித் தலைவருக்கு அரசு அப்போது அளித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். 2023இல்தான் அது 2,000 ஆனது. 'மதிப்பூதியம்' என்ற சொல்லைப் பாருங்கள்: உனக்கு ஊதியம் தேவையில்லை, மதிப்பே போதும் என்று சொல்வது போன்றதோர் ஏற்பாடு. நிலமும் கடையும் வட்டித் தொழிலும் உள்ளவருக்கு அது போதும். அன்றன்று உழைத்து உண்பவருக்குப் போதாது. இடஒதுக்கீட்டால் ஏழைக்குக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவரைப் பட்டினி போட்டால், பழைய பெருந்தனக்காரர் பின்வாசல் வழியாக வந்து அவரது கையைப் பிடித்து எழுத வைப்பார்.

உலகம் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. 1838இல் இங்கிலாந்தின் உழைப்பாளிகள் முன்வைத்த மக்கள் சாசனத்தில் ஆறு கோரிக்கைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஊதியம் வேண்டும் என்பது. கேட்டவர்கள் உறுப்பினர்கள் அல்லர், ஏழைகள். ஊதியம் இல்லாத மன்றத்தில் செல்வர் மட்டுமே அமர முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1911இல்தான் ஆண்டுக்கு 400 பவுன் என்று அது நிறைவேறியது. நம் நாட்டிலோ 1931இன் கராச்சி காங்கிரசு, அரசுப் பணியாளர் எவருக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்று தீர்மானித்தது; 1937இல் சென்னையில் இராஜாஜி அமைச்சரவை அதனைப் பின்பற்றியது. ஆங்கில அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் பெற்ற காலத்தில் அது உயர்ந்த முன்மாதிரி. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்களும் ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்படியானால் நிறையக் கொடுத்துவிட்டால் கை நீளாதா? சிங்கப்பூர் அவ்வாறு எண்ணியது. தனியார் துறையில் மிகுதியாக ஈட்டுவோரின் வருவாயை அளவுகோலாக வைத்து அமைச்சர் ஊதியத்தை வகுக்கும் முறையை 1994இல் வெள்ளை அறிக்கை வாயிலாக அறிவித்தது. மக்களின் மனக்குறை 2011 தேர்தலில் வெளிப்பட்டபின் பெரிதும் குறைத்தார்கள். குறைத்த பின்னும் புதிய அமைச்சருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 இலட்சம் வெள்ளி. அந்நாடு ஊழல் குறைந்த நாடு என்பதை மறுக்க முடியாது. எனினும் 2024 அக்டோபரில், தமிழரான முன்னாள் அமைச்சர் ஈசுவரன், பதவியிலிருந்தபோது 4 இலட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட அன்பளிப்புகளைப் பெற்ற குற்றத்தையும் நீதிக்கு இடையூறு செய்ததையும் ஒப்புக்கொண்டு ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அன்பளிப்புகளில் கார்ப் பந்தயத்துக்கும் கால்பந்தாட்டத்துக்கும் நுழைவுச் சீட்டுகள், மதுப் புட்டிகள், இவற்றோடு ஒரு மிதிவண்டியும் இருந்தன. அந்த மிதிவண்டி என் மனத்தை விட்டு அகலவில்லை. தம் ஊதியத்தில் அதுபோல் நூறு வாங்கக்கூடிய ஒருவர் அதனைப் பிறரிடம் ஏன் பெற்றார்? பசியால் அன்று. பசித்தவனின் கை நீள்வதற்கு ஊதியம் மருந்தாகலாம். நட்பின் பெயரால் நீளும் கைக்கு அம்மருந்து எட்டுவதில்லை.

ஆகவே ஊதியம் நேர்மையை விலைக்கு வாங்கித் தரும் என்று நான் சொல்லவில்லை. அது வாங்கித் தருவது வேறொன்றை: மக்களாகிய நாம் கேள்வி கேட்கும் உரிமையை. யார் சோறு போடுகிறாரோ அவருக்கே கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். நம் கூலியாள் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், கூலியை நாம் கொடுத்திருக்க வேண்டும். ஊதியமே வேண்டாம் என்று ஒரு தலைவர் சொன்னால், கைதட்டுவதற்கு முன், 'ஐயா, பிறகு உமக்கு யார் சோறு போடுகிறார்?' என்று கேட்பது நம் கடமை.

2017இன் ஊதிய உயர்வில் எனக்கு இன்றும் உறுத்துவது தொகை அன்று. 1,05,000 ரூபாயில் ஊதியம் என்ற தலைப்பில் வருவது 30,000 மட்டுமே. மற்றவை தொகுதிப் படி, வாகனப் படி போன்றவை. உறுத்துவது முடிவெடுத்த முறை. அரசியலமைப்பின் 195ஆம் பிரிவு சட்டமன்ற உறுப்பினரின் ஊதியத்தைச் சட்டமன்றமே வகுக்கும் என்கிறது. 2018 சனவரியில் அதற்கான சட்ட முன்வடிவு அவைக்கு வந்தபோது, வெளியே அரசுப் பேருந்துத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தனர். எதிர்க்கட்சி எதிர்த்தது, முன்வடிவு நிறைவேறியது. தம் கூலியைத் தாமே எழுதிக்கொள்ளும் வசதி வேறெந்தத் தொழிலாளிக்கு உண்டு? குருக்களாகிய எங்களுக்குரிய மாதப்படியை மறைமாவட்டம் வகுக்கிறது. நாங்கள் கை தூக்கி முடிவு செய்திருந்தால் அது எவ்வளவாகியிருக்கும் என்று எண்ணவே கூச்சமாக இருக்கிறது. நாடாளுமன்றத்தில் 2018 முதல் விலைவாசிக் குறியீட்டைக் கொண்டு ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஊதியம் திருத்தப்படுகிறது. அது ஓரளவு மேல். இங்கிலாந்தைப் போல் உறுப்பினர் அல்லாதோரின் ஆணையம் ஒன்று வகுப்பதும், வகுத்தது அடுத்த அவைக்கே பொருந்துவதும் இன்னும் மேல்.

ஆனால் இத்தனைக் கணக்கும் வேறொரு கணக்கின் முன் சிறுத்துப்போகிறது. 1,05,000 ரூபாய் வீதம் ஐந்தாண்டுக்கு 63 இலட்சம். சட்டமன்ற வேட்பாளர் தேர்தலுக்குச் செலவிடச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு 40 இலட்சம். அதுவும் போகட்டும். ஒரு தொகுதியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் இருக்கிறார்கள். ஓர் இலட்சம் பேருக்குத் தலைக்கு 500 ரூபாய் கொடுத்தாலே 5 கோடி. இதைக் கற்பனையென்று தள்ள முடியாது. 2019 ஏப்ரலில், நம் மறைமாவட்டத்தின் தலைநகராகிய வேலூரின் மக்களவைத் தேர்தலே பணப் பட்டுவாடாப் புகாரால் நிறுத்தப்பட்டு, ஆகஸ்டில்தான் நடைபெற்றது. நாம் அன்று நாடெங்கும் பேசப்பட்டோம். தலைவருக்கு நாம் கூலி கொடுப்பதற்கு முன்பே அவர் நமக்குக் கூலி கொடுத்துவிட்டால், யார் யாருக்கு வேலையாள்? அந்த ஐந்நூறு ரூபாயை வாங்கிய கைகளில் சில, ஞாயிறுதோறும் என்னிடம் நற்கருணை வாங்க நீளும் கைகள். நெகேமியாவைப் பற்றி முழங்கிய அந்த ஞாயிற்றில் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் இத்தனை பேர் கைகுலுக்கியிருக்க மாட்டார்கள்.

அப்பெண்மணியின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தது. மகள் படித்து முடித்துவிட்டாள். கட்டணத்துக்குக் காதுத் தோடும் இரண்டு ஆடுகளும் போயின. அன்று நான் சொன்ன அறிவுரைக்கு விலை கொடுத்தவர் அவர்தான், நான் அல்லேன். வாங்காதே என்று சொன்ன நான், பங்கில் கட்டணத்துக்கு வழியுண்டா என்று அன்று ஒரு சொல் கேட்கவில்லை.

அண்மையில் பூசைக்குப் பின் அவரைக் கண்டபோது, அடுத்த தேர்தலில் நிற்பீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "ஊருல நிக்கச் சொல்றாங்க சாமி. இந்த வாட்டி கூலிக் கணக்கப் போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். போட்டு முடித்ததும் கணக்கை என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.